ஸ்பான்சர் வாங்கித் தருகிறேன் என்று வரும் ஏஜென்சிகள்: காலேஜ் டீம்களே, ஒரு ரூபாய் கட்டாதீர்கள். எங்களுக்கு ரூ.42,480 போய்விட்டது

எரிச்சலோடுதான் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டாலும் முழுக்கப் படித்துவிடுங்கள். என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

காலேஜ் மாணவர்கள் தாங்களே ரேஸ் கார் கட்டிக்கொண்டு வந்து மோதும் ஃபார்முலா பாரத்துக்குக் கார் கட்டும் டீம் நாங்கள். கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் நடக்குமே, அந்தப் போட்டிதான். கேடிஎம் 390 இன்ஜின் வைத்த பெட்ரோல் கார். இன்ஜின், டயர், பைப், வெல்டிங், பிரேக் என்று கணக்குப் போட்டால் லட்சக்கணக்கில் போகும், காலேஜ் கொடுப்பது ஒரு பங்குதான். மென்பொருளுக்குக் கவலை இல்லை, ஆன்சிஸ், மேத்வொர்க்ஸ் எல்லாம் மாணவர் டீம்களுக்கு ஸ்பான்சராக லைசென்ஸ் கொடுக்கிறார்கள். லேசர் கட்டிங் பட்டறைக்காரர்கூட நல்ல மனசு இருந்தால் கூலி வாங்காமல் வெட்டித் தருவார். ரொக்கமாகத் தரத்தான் யாரும் கிடைப்பதில்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் அந்த ஆள் வந்தான்.

கம்பெனிகளையும் காலேஜ் டீம்களையும் இணைத்துவைக்கும் ஏஜென்சியாம். பெயரைப் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறோம். எங்கள் இன்ஸ்டா பக்கத்தைப் பார்த்து அவனே மெசேஜ் அனுப்பினான். வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு பெரிய கம்பெனி சிஎஸ்ஆர், அதாவது சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் நிதியிலிருந்து 4 லட்சம் தரத் தயாராக இருக்கிறது, அதிகாரியோடு வீடியோ காலில் பேசிவிடலாம் என்றான்.

அந்தக் காலில்தான் மொத்த டீமும் நம்பியது. அதிகாரி என்று வந்து உட்கார்ந்தவன் சும்மா தலையாட்டிவிட்டுப் போகவில்லை. "20 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர் போட்ட அப்புறம் எவ்வளவு பவர் எதிர்பார்க்கறீங்க? இன்டேக் பிரின்ட் பண்றீங்களா, அலுமினியமா?" என்று, இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் ரெஸ்ட்ரிக்டர், காற்று உள்ளே போகும் பாதையான இன்டேக் வரைக்கும் கேட்டான். டிரைவருக்குப் பின்னால் நிற்கும் பாதுகாப்பு வளைவான மெயின் ஹூப்புக்கு என்ன பைப், யார் வெல்டிங் செய்கிறார் என்றெல்லாம் விசாரித்தான். இன்டேக் பார்க்கும் ஜூனியர் பெண் ஸ்க்ரீன் ஷேர் செய்து தன் டிசைனை ஒவ்வொன்றாகக் காட்டினாள், பொறுமையாகக் கேட்டுவிட்டு "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றான். கடைசியில் லோகோவுக்குப் பேரம் வேறு. காரின் மூக்கில் சின்னதாகப் போட்டால் போதாது, பக்கவாட்டில் இருக்கும் சைட் பாட் இரண்டு பக்கமும் வேண்டும் என்று அடம்பிடித்தான். பணம் தரப்போகிறவன்தானே இப்படிப் பேசுவான்?

மறுநாளே கம்பெனி லெட்டர்ஹெட்டில் கடிதம் வந்தது. ரூ.4,00,000, இரண்டு தவணை. கூடவே ஏஜென்சியின் பில்: ஒப்பந்தக் கட்டணம் ரூ.36,000, 18% ஜிஎஸ்டி ரூ.6,480, மொத்தம் ரூ.42,480. முதல் தவணையோடு முழுசாகத் திரும்பி வந்துவிடும் என்று பில்லிலேயே அச்சடித்திருந்தான். டீமில் ஆளாளுக்குப் போட்டுச் சேர்த்த பணம் அது. ஒரு பையன் ஸ்காலர்ஷிப் பணத்தைக் கொடுத்தான், ஒருத்தியின் அம்மா சீட்டுப் பணத்தில் எடுத்துக் கொடுத்தார்.

கட்டியதோடு சரி. முதலில் ஆடிட்டர் லீவு என்றான். அப்புறம் சிஎஸ்ஆர் கமிட்டி கூட வேண்டும் என்றான். அப்புறம் காலேஜ் லெட்டர் பேடில் பிரின்சிபால் கையெழுத்தோடு கடிதம் கேட்டான், அலைந்து வாங்கி அனுப்பினோம். அது வந்ததும் சீல் தெளிவாக இல்லையாம். "டென்ஷன் ஆகாதீங்க தம்பி, உங்க ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு" என்பதை எத்தனை முறை கேட்டோமோ! எங்கள் ஃபேகல்ட்டி சாரே பேசியபோது "ஸ்டூடன்ட்ஸ் அவசரப்படறாங்க சார்" என்று எங்கள் மேலேயே பழியைத் திருப்பினான். பணத்தையாவது திருப்பிக் கொடு என்று கேட்ட அன்றோடு வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்.

அந்தக் கம்பெனிக்கே போன் செய்தோம். அப்படி ஓர் அதிகாரி அங்கே இல்லை, அந்த ஏஜென்சியைக் கேள்விப்பட்டதுகூட இல்லை என்றார்கள். பில்லில் சென்னை முகவரி, ஆனால் ஜிஎஸ்டி எண் 29 என்று ஆரம்பிக்கிறது, அது கர்நாடகாவின் மாநிலக் குறியீடு. தமிழ்நாடு என்றால் 33 இருக்க வேண்டும். போர்ட்டலில் அந்த எண்ணைப் போட்டால் ஏதோ ஜவுளிக் கடையின் பெயர் வருகிறது, அதுவும் ரத்தான பதிவு. இல்லாத வரியையும் சேர்த்து மாணவர்களிடம் வாங்கியிருக்கிறான்!

சிஎஸ்ஆர் என்று அவன் சொன்னதே பொய். 2013 கம்பெனிச் சட்டம் 135-ஆவது பிரிவின்படி பெரிய கம்பெனிகள் மூன்று வருட சராசரி லாபத்தில் 2% சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், அது உண்மை. ஆனால் 2021-இல் திருத்திய விதிகளில், தன் பொருளுக்கு விளம்பரம் கிடைப்பதற்காகச் செய்யும் ஸ்பான்சர்ஷிப் சிஎஸ்ஆர் கணக்கில் வராது என்று தெளிவாகவே இருக்கிறது. காரில் லோகோ போடு, சிஎஸ்ஆர் பணம் தருகிறேன் என்று ஒருவன் சொன்னால் அங்கேயே போனை கட் செய்துவிடுங்கள்.

வேறென்ன சொல்ல... தருகிறேன் என்கிற கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் இருக்கும் நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள், நடுவில் இருப்பவன் கொடுக்கும் நம்பர் வேண்டாம். ஜிஎஸ்டி எண்ணைப் போர்ட்டலில் போட்டுப் பாருங்கள். 'ரீஃபண்டபிள்' என்று எழுதியிருந்தாலும் எந்தக் கட்டணமும் கட்டாதீர்கள். காரின் டிசைன் ஃபைலை முன்பின் தெரியாதவனுக்குக் காட்டாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அடியுங்கள், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

ரூ.42,480. டயர் வாங்க வைத்திருந்த பணம். இதே மாதிரி 4 லட்சம், இரண்டு தவணை, சைட் பாட் லோகோ என்று உங்கள் டீமுக்கும் கடிதம் வந்திருந்தால் அந்தக் கடிதத்தையும் அவன் பேசிய நம்பரையும் எனக்கு அனுப்புங்கள், எங்கள் சைபர் கிரைம் புகாரோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.