வடசேரி அச்சகமும் பன்னிரண்டு ஜோடிச் செருப்பும்

நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்; சந்துக்குள் இருக்கும் சின்ன புகைப்பட அச்சகம். கல்யாண ஆல்பம்தான் அவர்களுக்குச் சோறு போடுகிறது. நான் கொண்டுபோனது வேறு.

விடியுமுன் கட்டுமரம் தள்ளிப் போகிறவர்கள் கரையில் கழற்றி வைத்துவிட்டுப் போகும் செருப்புகள், 12 படங்கள். ஆள் கிடையாது, முகம் கிடையாது. காத்திருத்தல்தான் கரு. இரண்டு மாதம் குளச்சல் கரையில் எடுத்தேன். அதே கரையில், மீன் விற்கும் பெண்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

மாதிரிப் பிரதிகளை லேமினேஷன் மேசையில் இருந்த பெண் எடுத்துப் பார்த்தார். சொந்த ஊர் சின்னத்துறை, மீனவ கிராமம். மூன்றாவது படத்தில் கை நின்றுவிட்டது: நீல ரப்பர் செருப்பு, வார் அறுந்த இடத்தில் ஊக்கு, குதிகால் பட்டுப் பட்டு வெளுத்த குழி. "இவர் திரும்பி வந்துவிட்டாரா, அக்கா?" என்று கேட்டார்.

2017 நவம்பர் 30. கடலுக்குப் போன பலர் திரும்பி வராத ஒக்கிப் புயலுக்குப் பிறகு எங்கள் கரையில் ஆளில்லாத செருப்புக்கு ஒரே பொருள்தான். யாருக்குக் காட்டப் போகிறேனோ, அவர்களை மறந்து படம் எடுத்திருக்கிறேன். மறுபடி குளச்சலுக்குப் போனேன். பத்து நாள், அதே செருப்புகளுக்குள் ஈரமும் மணலுமாகத் திரும்பி நுழையும் கால்களை எடுத்தேன். இப்போது ஒவ்வொன்றும் இரட்டைப் படம்.

உரிமையாளரும் கேள்வியில்தான் தொடங்கினார்: எங்கே வைப்பீர்கள், எந்த நேரத்தில் பார்ப்பார்கள், நின்றா உட்கார்ந்தா? திறந்தவெளியில் பளபளப்புத் தாள் வெயிலில் கண்ணைக் கூசும் என்று மேட் தாள் போட்டார். 6000க்கு 4000 பிக்சல் கோப்பு 20க்கு 30 அங்குலத்தில் அங்குலத்துக்கு 200 புள்ளி வரும், நான்கடி தள்ளி நின்றால் ஊக்குகூடத் தெளிவாகத் தெரியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கூடையை இறக்கி உட்காருகிறவர்கள் கண்மட்டத்துக்குத் தாழ்த்தி மாட்டச் சொன்னதும் அவர்தான்.

இரண்டு படங்களில் ஈர மணல் நீலம் பாய்ந்திருந்தது. காசு வாங்காமல் மறுபடி அச்சிட்டார்கள். ஆனால் இரண்டு நாள் தாமதம், தவித்துப்போனேன். சன்போர்டு என்னும் நுரைப் பலகையில் ஒட்டி ஒரு படம் 650 ரூபாய், 24 படங்கள். தரத்துக்கு நியாயமான விலை.

காலையில் ஆல்பக் கூட்டம். மூன்று மணிக்கு மேல் போங்கள். முதல் பிரதியை அந்தப் பெண்ணிடம் காட்டிவிட்டு, மீதியை அச்சிடச் சொல்லுங்கள்.