பெண் வேட்பாளரிடம் என்ன கேட்கிறார்கள்?

2021இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்குத் தேர்வான 234 பேரில் பெண்கள் 12 பேர்தான். பெரிய ஊடகங்களின் கேமரா கட்சித் தலைவர்களை விட்டு நகர்வது அரிது. மற்றப் பெண் வேட்பாளர்களைப் பார்க்க இணையத்துக்குத்தான் போக வேண்டும். அங்கும் யாரிடம் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பெண் யார் என்பதே மாறிவிடுகிறது.

தமிழ் யூடியூப் சேனல்களின் நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் தமிழர் கட்சி 2019 மக்களவைத் தேர்தலில் புதுச்சேரியையும் சேர்த்து 40 தொகுதிகளில் 20 பெண்களையும், 2021இல் 117 பெண்களையும் நிறுத்தியது. யாரும் வெல்லவில்லை. ஆனால் மீனவச் சமூகத்திலிருந்து வந்த காளியம்மாளின் மேடைப்பேச்சு பரவலாகப் போய்ச்சேர்ந்ததற்கு யூடியூப் முக்கியக் காரணம். கெடுப்பது முகப்புப் படமும் தலைப்பும்தான். ஆண் பேசினால் 'பேச்சு', பெண் பேசினால் 'சீற்றம்', 'வெளுத்து வாங்கினார்'. பேட்டியிலோ கொள்கைக்கு முன்பே குடும்பம் வந்துவிடுகிறது: வீட்டில் என்ன சொன்னார்கள், பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? இதே கேள்வியை ஆண் வேட்பாளரிடம் கேட்டு நான் பார்த்ததில்லை. கீழே வரும் கருத்துகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பெங்களூருவிலிருந்து 2014 முதல் வரும் 'தி நியூஸ் மினிட்' போன்ற தளங்கள் இந்தச் சத்தத்திலிருந்து விலகி நிற்கின்றன. கட்சிகள் பெண்களுக்கு எத்தனை இடம் கொடுத்தன என்ற கணக்கை அங்கே தேடலாம். குறை என்னவென்றால் மொழி ஆங்கிலம். வேட்பாளரின் தெருவில் இருப்பவர்கள் அதைப் படிப்பதில்லை.

என் ஓட்டு 'கபர் லஹரியா'வுக்கு. 2002இல் உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட்டில் புந்தேலி மொழிச் செய்தித்தாளாகத் தொடங்கி, இன்று இணையத்தில் வீடியோக்களாக வருகிறது. செய்தியாளர்களில் பெரும்பாலோர் கிராமத்து தலித் பெண்கள். மனைவி ஊராட்சித் தலைவர் தேர்தலில் வென்றிருக்க, நிர்வாகத்தைத் தன் கையில் வைத்திருக்கும் கணவரை அந்தப் பக்கத்தில் 'பிரதான் பதி' என்பார்கள். ஊருக்கே தெரிந்த இந்த ஏற்பாட்டைச் செய்தியாக்க, அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்காரக்கூடியவர்கள் வேண்டும். இவர்கள் அப்படிப்பட்டவர்கள். வென்ற பெண்ணை வீராங்கனையாகவும் ஆக்காமல், பாவப்பட்டவளாகவும் ஆக்காமல், கைப்பம்பு ஏன் ஓடவில்லை, சாலை எப்போது வரும் என்று கேட்கும்போது அவர் பதில் சொல்ல வேண்டிய மக்கள் பிரதிநிதி ஆகிவிடுகிறார்.

உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடங்களை ஒதுக்க 2016இலேயே சட்டம் செய்த மாநிலம் நம்முடையது. 'தலைவரின் கணவர்' இங்கும் உண்டு. ஆனாலும் நம் சேனல்களின் மைக் ஊராட்சி அலுவலகம் வரை வருவது தேர்தல் வாரத்தில் மட்டும்தான். தமிழில்தான் பார்க்க வேண்டும் என்பவர்கள் பேட்டிகளைத் தவிர்த்துவிட்டு, வெட்டாமல் பதிவேற்றிய முழு மேடைப்பேச்சைத் தேடிப் பார்க்கலாம். அதிலாவது வேட்பாளர் தான் சொல்ல நினைத்ததைச் சொல்லி முடிக்கிறார்.