ஆதன், நள்ளி, எழினி, வழுதி: பையனுக்கு எந்தப் பெயர்?

அண்ணனுக்குப் பையன் பிறந்து நான்கு மாதம் ஆகிவிட்டது, பிறப்புச் சான்றிதழில் பெயர் வரவேண்டிய இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. சட்டப்படி அவசரம் ஒன்றும் இல்லை. பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது, அதற்கு மேல் போனால் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் அதுவரைக்கும் "குட்டி குட்டி" என்றே கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியுமா? பள்ளிக்கூடத்தில் அதே பெயரில் இன்னொருவன் இருக்கக் கூடாது என்பது அண்ணியின் ஒரே நிபந்தனை. சங்க காலப் பெயர் வேண்டும், ஆனால் செழியன், கபிலன், இளங்கோ மாதிரி எல்லாரும் வைப்பது வேண்டாம் என்பது அண்ணன் போட்டது. அத்தை என்ற உரிமையில் தேடுகிற வேலை என் தலையில் விழுந்தது, சந்தோஷமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் நான்கு பெயர்கள் நின்றன.

வழுதியை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் முதலில் கழிந்தது. பாண்டியர் பெயர். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, கானப்பேரெயில் கடந்த உக்கிரப் பெருவழுதி, "உண்டால் அம்ம இவ்வுலகம்" பாடிய கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்று வரிசையாக இருக்கிறார்கள். பெருவழுதி என்று தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் பொறித்த காசுகூடக் கிடைத்திருக்கிறது. மதுரை பக்கம் மாங்குளம் மலைக் கல்வெட்டில் நெடுஞ்செழியனின் அலுவலர் ஒருவர் பெயர் கடலன் வழுதி, ஆக அரசர் மட்டும் வைத்துக்கொண்ட பெயரும் இல்லை. கம்பீரத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் அம்மா வாயில் அது இரண்டாவது தடவையே "வளுதி" ஆகிவிட்டது. வீட்டிலேயே ழகரம் தங்கவில்லை என்றால் வெளியே எங்கே தங்கும்?

எழினிக்கும் அதே ழகரச் சிக்கல் உண்டு, இருந்தாலும் அந்தப் பெயரை அவ்வளவு சீக்கிரம் விட மனம் வரவில்லை. தகடூர் அதியமான் மரபில் வருகிற பெயர் இது. தகடூர் என்றால் இன்றைய தர்மபுரி. வள்ளல் குமணனிடம் பரிசில் கேட்டுப் போன புலவர் பெருஞ்சித்திரனார் வள்ளல்கள் எழுவரை வரிசைப்படுத்தும் பாட்டில் (புறநானூறு 158) அதியமானை எழினி என்றுதான் சொல்கிறார். அதியமான் மகன் பெயர் பொகுட்டெழினி. போர்க்களத்தில் எழினி இறந்தபோது அரிசில் கிழார் கூற்றுவனைப் பார்த்துக் கேட்பது 230ஆம் பாட்டில் இருக்கிறது: நொடித்துப்போன உழவன் விதைநெல்லைத் தின்ற மாதிரி நீ இவனைத் தின்றுவிட்டாயே, இவன் உயிரோடு இருந்திருந்தால் இவன் போர்க்களத்திலேயே உனக்கு வயிறு நிறையத் தீனி கிடைத்திருக்குமே! ஒரு பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு பாட்டு இருக்கிறது என்றால் பொருள் என்ன என்று அகராதியைப் புரட்டவே தோன்றாது. புரட்டினால் 'திரைச்சீலை' என்று வரும். சிலப்பதிகார அரங்கேற்றுகாதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மேடைத்திரையில் மூன்று வகை சொல்லப்படுகிறது.

எழினியைத் தடுத்தது அதன் ஓசைதான். யாழினி, நளினி என்று கேட்டுப் பழகிய காதுக்கு எழினி பெண் பெயராகவே கேட்கிறது, பெண் குழந்தைகளுக்கு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இத்தனைக்கும் சங்க காலத்தில் இகரத்தில் முடிகிற பெயர் ஆணுக்கு வெகு சாதாரணம். பாரி, காரி, ஓரி, நள்ளி, அஞ்சி, கிள்ளி, வழுதி எல்லாமே ஆண்கள். கடையெழு வள்ளல்களிலேயே அதியமான் அஞ்சியையும் சேர்த்து ஐந்து பேர் இகரத்தில் முடிகிறார்கள். அதை மீட்டுக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு, ஆனால் நான்கு மாதக் குழந்தையின் தலையில் அந்தச் சுமையை ஏற்றுவது சரியாகப் படவில்லை. பையனா பொண்ணா என்று விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் விளக்கம் சொல்லப்போவது அவன்தானே.

இப்போது நள்ளி. மனசு சாய்ந்தது இங்கேதான். கண்டீரக் கோப்பெருநள்ளி, தோட்டி மலைக்காரன். புறநானூறு 150இல் வன்பரணர் தனக்கு நடந்ததைச் சொல்கிறார். மழையில் நனைந்த பருந்தின் சிறகு மாதிரி கிழிந்த துணியோடு, நடந்து களைத்து, ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். மான் வேட்டையாடிவிட்டு ஒருவன் வருகிறான், பார்த்தால் செல்வன் என்று தெரிகிறது. இவர் எழுந்திருக்கப் போக, கையமர்த்தி உட்கார வைக்கிறான். கூட வந்த ஆட்கள் வந்து சேர்வதற்கு முன்னாலேயே தானே தீக்கடைந்து இறைச்சியைச் சுட்டு "சாப்பிடுங்கள்" என்று கொடுக்கிறான். பசி தீர்ந்து, அருவித் தண்ணீர் குடித்து, இவர் கிளம்பும்போது, நாங்கள் காட்டு நாட்டுக்காரர்கள், கொடுக்க வேறு நல்ல அணிகலன் இல்லை என்று சொல்லி மார்பில் கிடந்த ஆரத்தையும் கையில் இருந்த கடகத்தையும் கழற்றிக் கொடுக்கிறான். எந்த நாடு என்று கேட்டால் நாட்டைச் சொல்லவில்லை, யார் நீங்கள் என்று கேட்டால் பேரையும் சொல்லவில்லை. வழியில் பிறர் சொல்லித்தான் அவன் நள்ளி என்று தெரிந்தது என்கிறார் வன்பரணர். பாட்டு முழுக்கப் பெயரில்லாமலே இருந்துவிட்டு, கடைசி அடியில் "நள்ளி அவன் எனவே" என்று பெயர் வந்து விழும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கும்.

பொருளும் மோசமில்லை. நள்ளுதல் என்றால் நட்புக் கொள்ளுதல். நண்டுக்கும் நள்ளி என்று பெயர் உண்டு, அதனால் என்ன, ஆடுகிற குழந்தைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும். அபூர்வம் என்று பார்த்தாலும் நான்கில் இதுதான் முதலிடம். நள்ளி என்று ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை.

அண்ணன்தான் மறுத்தார், அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியதும் ளகரம் போய்விடும், படிக்கிறவர் 'நல்லி' என்றுதான் படிப்பார், அப்புறம் வகுப்பில் நல்லி எலும்பு என்று கூப்பிட எத்தனை நாள் ஆகும்? தமிழில் எவ்வளவு அழகாக இருந்தாலும் மதிப்பெண் சான்றிதழ், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அந்தப் பையன் ஆங்கில எழுத்தோடுதான் வாழ வேண்டியிருக்கிறது. அபூர்வமான பெயர் தேடுகிறவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும்: ஆங்கிலத்தில் எழுதி, தமிழ் மூலம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

ஆதன் இந்தச் சோதனையில் ஓரளவு தேறியது. ஆனால் எனக்கு முதலில் இந்தப் பெயர்மேல் பெரிய ஈடுபாடு இல்லை. பெயர்ப் பட்டியல் போடும் தளங்களில் ஆதவனோடு குழப்பி 'சூரியன்' என்று போட்டிருக்கிறார்கள், அது தவறு. அகராதியில் இதைவிடச் சங்கடமான ஒன்று இருக்கிறது: ஆதன் என்றால் அறிவில்லாதவன், குருடன் என்றும் பொருள் கொடுத்திருக்கிறார்கள். தேவாரத்தில் 'ஆதர்' என்று வருவது அந்தப் பொருளில்தான். அண்ணி இதைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. அது பிற்கால வழக்கு, பெயர் அதைவிடப் பழையது என்று உட்கார்ந்து விளக்கினேன். சேரர்களில் நெடுஞ்சேரலாதன் இருக்கிறான், கபிலர் பாடிய செல்வக் கடுங்கோ வாழியாதன் இருக்கிறான், கரூர் பக்கம் புகளூர்க் கல்வெட்டிலும் "கோ ஆதன்" என்று இருக்கிறது. அறிவில்லாதவன் என்று பொருள்பட்டால் அரசர்கள் தலைமுறை தலைமுறையாக வைப்பார்களா?

அரசர்களைவிட என்னை இழுத்தது பானை ஓடுகள். கீழடி பற்றித் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையில் தமிழி எழுத்துள்ள ஓடுகள் 56 சொல்லப்படுகின்றன, அவற்றில் குவிரன், ஆதன் என்ற பெயர்கள் இருக்கின்றன. கொடுமணல் ஓடு ஒன்றில் "கண்ணன் ஆதன்". உள்ளங்கை அளவுகூட இல்லாத துண்டு, அதில் கூர்மையான எதையோ வைத்துக் கீறிய நாலைந்து எழுத்து. கோடு ஒரே சீராக இருக்காது. யாரோ தன் பானை மாறிப்போகக் கூடாது என்று பேர் எழுதி வைத்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும், இன்று நாம் டிபன் பாக்ஸில் பேர் வெட்டுகிற மாதிரி. அரசனும் வைத்துக்கொண்டான், பானைக்காரனும் வைத்துக்கொண்டான் என்பது இந்த நான்கில் ஆதனுக்குத்தான் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

இன்னொன்று, ஐங்குறுநூற்றின் முதல் பாட்டே "வாழி ஆதன் வாழி அவினி" என்று தொடங்குகிறது, அடுத்த அடி "நெற்பல பொலிக பொன்பெரிது சிறக்க". இதைவிடப் பெரிய வாழ்த்தோடு ஒரு பையனுக்குப் பெயர் வைக்க முடியுமா? அப்புறம், ஆதன் தந்தை என்பது சேர்ந்து 'ஆந்தை' ஆகும் என்று தொல்காப்பியத்தில் விதி இருக்கிறது. அதைச் சொன்னதும் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார், பிசிராந்தையார் பெயரில் இருப்பதும் அதே ஆந்தை என்றதும் அடங்கிவிட்டார்.

ஒரு குறை உண்டு. கீழடிச் செய்திகள் வந்தபிறகு ஆதன் என்ற பெயர் அங்கங்கே காதில் விழத் தொடங்கியிருக்கிறது, நள்ளி அளவுக்கு அபூர்வம் இல்லை. அண்ணியின் நிபந்தனை பத்து வருடம் கழித்து உடையலாம். ஆனால் முடிவு செய்தது அவரேதான். சமையலறையில் இருந்துகொண்டு நான்கு பெயரையும் ஒவ்வொன்றாகச் சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தார். வழுதீ, எழினீ, நள்ளீ எல்லாம் பாதி வழியில் தேய்ந்துபோயின. "ஆதா" என்று வாயைத் திறந்து கூப்பிட்டபோது அந்தச் சத்தம் கடைசி அறைவரைக்கும் வந்தது.

அண்ணன் விண்ணப்பம் எழுதும்போது ஆங்கிலத்தில் முதலில் ஒரே ஒரு 'ஏ' போட்டிருந்தார். 'அதன்' என்று படித்துவிடுவார்கள் என்று சொல்லி, வாங்கி இரண்டாக்கிக் கொடுத்தேன்.