மரச் சந்துக்கு எந்த டிரைவர்? டீபேர்ட், லெப்பர்ட்3, ரிவர் மூன்றையும் வீசிப் பழகியதில்

தட்டு போன்ற டிஸ்க்கை வீசிக் கூடையில் போடும் டிஸ்க் கோல்ஃபில், மரங்களுக்கு நடுவே நீளமாகவும் நேராகவும் போக எந்த டிரைவர், அதாவது தூரம் போக வீசும் டிஸ்க், வாங்கலாம் என்று கேட்டால் நான் சொல்வது இதுதான்: வேக எண் 7ஐத் தாண்டாதீர்கள், பளபளவென்று இருக்கும் புது டிஸ்க்கைவிட நாலு மரத்தில் அடிபட்டதை நம்புங்கள். இரண்டாவது சங்கதியை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். சொன்னால் அவருக்கு என்ன லாபம்?

இந்த ஆட்டத்தில் எல்லாமே வீசுகிற கையைப் பொறுத்தது என்பதால் என் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வலக்கை, பின்கை வீச்சு. நன்றாக விழுந்தால் 90 மீட்டர் போகும். அதற்கு மேல் போனால் காற்று உதவியிருக்கிறது என்று அர்த்தம். சிங்கப்பூரில், யீஷூனில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்துத் திடலில், மடக்கி எடுத்துப்போகிற ஒரு கூடையை வைத்துக்கொண்டு, ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன்னால் வீசிப் பழகுவேன். திடலின் ஓரமாக இரண்டு வரிசையில் தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கின்றன. இங்கே எனக்கு வாய்த்த காடு அவ்வளவுதான். (புக்கிட் தீமாவைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு: அது பாதுகாக்கப்பட்ட வனம், தயவுசெய்து வேண்டாம்.) உண்மையான காட்டு ஆட்டம் அக்கா வீட்டுக்குப் போகும்போதுதான். அவர்கள் பின்லாந்தில், எஸ்போவில் இருக்கிறார்கள். அங்கே ஓய்ட்டா என்ற இடத்தில் டிஸ்க் கோல்ஃப் ஆடலாம். பைன், பிர்ச் மரங்களுக்கு நடுவே வீசித்தான் இந்த டிரைவர்களை எனக்குத் தெரியும்.

டிஸ்க்கின் மேல் நான்கு எண்கள் போட்டிருக்கும்: வேகம், மிதப்பு, டர்ன், ஃபேட். என்னைப் போல வலக்கையால் பின்கை வீசுகிறவருக்கு, டிஸ்க் வேகமாகப் போகும்போது வலப்பக்கம் சாய்வது டர்ன். வேகம் தணிந்ததும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு விழுவது ஃபேட். வேக எண் என்பது டிஸ்க் தானாகப் போகும் வேகம் இல்லை. இந்த மற்ற மூன்று எண்களும் பலிக்க வேண்டுமானால் உங்கள் கை கொடுக்க வேண்டிய வேகம் அது. டிஸ்ட்ராயர் என்ற அதிவேக டிரைவரின் எண்கள் 12, 5, -1, 3. விளிம்பு 2.2 சென்டிமீட்டர் அகலம். டீபேர்டுக்கு 1.7தான். என் கைக்கு டிஸ்ட்ராயரில் அந்த -1 வரவே வராது, 3 மட்டும் வரும். அதாவது கொஞ்ச தூரம் போய், இடப்பக்கம் திரும்பி, மரத்தில் முட்டும்.

அலுவலகத்தில் ஒரு தம்பி அண்மையில் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, எல்லாரும் டிஸ்ட்ராயர்தான் சொல்றாங்க. அதையே வாங்கிடவா?”

“தெறந்த திடலுக்கா, மரத்துக்கு நடுவுலயா?”

“மரத்துக்கு நடுவுலதான்.”

“அப்ப அந்தக் காச எடுத்து வை. தேக்காவுல பிரியாணி சாப்பிடலாம்.”

கிண்டலுக்குச் சொன்னாலும் கணக்கு இருக்கிறது. நாலு மீட்டர் அகலமுள்ள ஒரு மரச் சந்து, நடுவில் குறி வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டரில் நிற்கும் முதல் மரங்களைத் தாண்ட, உங்கள் வீச்சு ஏறக்குறைய 5 பாகைவரை தப்பலாம். அதே அகலத்தில் 80 மீட்டர் போய்ச் சேர வேண்டுமென்றால் ஒன்றரைப் பாகைகூடத் தப்பக்கூடாது. எனவே முதல் 20 மீட்டருக்குப் பொறுப்பு கை, கடைசி 20 மீட்டருக்குப் பொறுப்பு டிஸ்க். அத்தான் ஒவ்வொரு முறையும் என்னிடம் சொல்வது, “கூடையப் பாக்காத மாப்ள, முதல் ரெண்டு மரத்தப் பாரு.” அந்த இரண்டு மரத்துக்கு நடுவே விட்டுவிட்டால் மிச்சத்தை டிஸ்க் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த டிஸ்க் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் கேள்வி.

இன்னோவா நிறுவனத்தின் டீபேர்டிலிருந்து தொடங்குவோம். 7, 5, 0, 2. 1999இலிருந்து சந்தையில் இருக்கிறது. 12 முறை உலகப் பட்டம் வென்ற கென் க்ளைமோவின் பெயர் பொறித்தும் வந்திருக்கிறது. இன்னோவாவின் பிளாஸ்டிக் வகைகளான சாம்பியனில் ஒன்று, ஸ்டாரில் ஒன்று என்று இரண்டு வைத்திருக்கிறேன். நேர்மையான டிஸ்க். மட்டமாக விட்டால் மட்டமாகப் போகும், கை கொஞ்சம் நடுங்கினாலும் மன்னித்துவிடும். ஆனால் அந்த 2 இருக்கிறதே, திறந்த திடலில் அதை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். சந்தில் அதுதான் ஆளைக் கவிழ்க்கும். கூடைக்குக் கொஞ்சம் முன்னால் வரை அச்சில் வார்த்ததுபோல் வந்து, அப்புறம் இடப்பக்கப் புதருக்குள் போய் உட்காரும். என்னைவிடக் கை வேகம் உள்ளவர்களுக்கு இந்த இழுப்பு குறைவாகத் தெரியும். அவர்கள் டீபேர்டைத் தெய்வமாகக் கும்பிடுவதில் தப்பில்லை.

ரிவர் ஸ்வீடன் நிறுவனமான லாட்டிட்யூட் 64 செய்வது. 7, 7, -1, 1. மிதப்பு 7 என்பதை முதல் வீச்சிலேயே உணர்வீர்கள். தாழ்வாக, தோள் உயரத்தில் விட்டாலும் தரையைத் தொட மனமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். கிளைகள் தலைக்கு மேல் கூரை போட்டிருக்கும் இடத்தில் இது பெரிய வரம், உயரமாக எறிந்து தூரம் சம்பாதிக்கும் வழி அங்கே கிடையாது. எதிர்க்காற்று வந்தால் கவிழும் என்பது உண்மைதான். ஆனால் அடர்ந்த மரங்களுக்குள் காற்று எங்கே வருகிறது? குறை என்னவென்றால் நிற்காது. கூடைக்குப் பின்னால் சரிவு இருந்தால் ரிவரை எடுக்காதீர்கள்.

இன்றைக்கு என் பையில் முதலில் கை போவது லெப்பர்ட்3க்குத்தான். 7, 5, -2, 1. தட்டையான மேற்புறம். காட்டுக்குள் நேராகப் போகும் வித்தையே இதில்தான் இருக்கிறது: டிஸ்க்கின் வெளி விளிம்பைக் கொஞ்சம் கீழே சாய்த்து விட வேண்டும். அப்படிச் சாய்த்து விடுவதை ஹைசர் என்பார்கள். சாய்வாகக் கிளம்பும் டிஸ்க் தன் டர்னால் மெல்ல நிமிர்ந்து, மட்டமாகி, அந்த நிலையிலேயே நெடுந்தூரம் போய், கடைசியில் லேசாக மட்டும் இடப்பக்கம் சரியும். முதல் தடவை இது கைகூடியபோது டிஸ்க் சந்தின் நடுவே கோடு போட்டதுபோல் போனதைப் பார்த்து நானே நம்பவில்லை. சாய்வு கூடினால் நிமிராமலே இடப்பக்கம் போய்விடும். சாய்க்காமல் விட்டால் வலப்பக்கம் உருண்டோடும். எவ்வளவு சாய்வு என்பதை எண்ணில் சொல்ல முடியாது, திடலில் வீசி வீசிக் கையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த வித்தையெல்லாம் வேண்டாம், மட்டமாக விட்டு மட்டமாகப் போனால் போதும் என்பவர்களுக்கு டிஎல் என்று ஒன்று இருக்கிறது. 7, 5, 0, 1. நண்பரிடம் இரவல் வாங்கி வீசியிருக்கிறேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. 70 மீட்டருக்குள் என்றால் டிரைவரே வேண்டாம், பஸ் (Buzzz) போன்ற மிட்ரேஞ்ச், அதாவது நடுத்தூர டிஸ்க், போதும்.

இனி அடிபட்ட டிஸ்க் விஷயம். மேலே சொன்ன எண்களெல்லாம் புது டிஸ்க்குக்கு. இன்னோவாவின் மலிவுப் பிளாஸ்டிக்கான டிஎக்ஸில் ஒரு டீபேர்ட் வாங்கி மரத்தில் அடிக்க அடிக்க, விளிம்பு நசுங்கி, அங்கங்கே பொளிந்து, புதுச் செருப்பு காலுக்குப் பழகுவதுபோல டிஸ்க் உங்கள் கைக்குப் பழகும். ஃபேட் குறைந்துகொண்டே வரும், டர்ன் கூடிக்கொண்டே வரும். சில மாதத்தில் டிஎல் மாதிரி ஆகும், அப்புறம் லெப்பர்ட் பக்கம் சாயும், அதற்கும் அப்புறம் வலப்பக்கம் கவிழ்வதற்கு மட்டும்தான் உதவும். நடுவில் வருகிற அந்தப் பருவம் இருக்கிறதே, அதற்கு ஈடாக எந்தப் புது டிஸ்க்கையும் நான் வீசியதில்லை. என் ஆரஞ்சு நிற டிஎக்ஸ் டீபேர்டின் விளிம்பில் விரல் வைத்துத் தடவினால் ரம்பம் போல இருக்கும். விரலைக் கிழிக்கும் பிசிறுகளை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வீசுகிறேன். சாம்பியன் பிளாஸ்டிக் அப்படியில்லை. கண்ணாடி போல இருக்கும், எத்தனை மரத்தில் அடித்தாலும் ஆண்டுக்கணக்கில் மாறாது. அதனாலேயே அது இடப்பக்கம் வளைய வேண்டிய இடங்களுக்கு.

நம் ஊரின் ஈரப்பதம் தனிக் கதை. காலை ஏழு மணிக்கே உள்ளங்கை வியர்க்கிறது. சாம்பியன் பிளாஸ்டிக் ஈரத்தில் விரலிலிருந்து நழுவும், சற்று முன்னதாகவே கிளம்பிப் பக்கத்து மரத்துக்குப் போகும். ஸ்டார் பரவாயில்லை, ஜிஸ்டார் என்ற வகை இன்னும் வளைந்து கொடுக்கும். பையில் இரண்டு துண்டு, ஒன்று கைக்கு, ஒன்று டிஸ்க்குக்கு. இதைவிட மலிவான முன்னேற்றம் இந்த ஆட்டத்தில் எனக்குத் தெரியாது.

அக்கா வீட்டில் நிலைமை தலைகீழ். குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம், அதனால் அதே லெப்பர்ட்3 அங்கே கூடுதலாக வலப்பக்கம் சாய்கிறது. பிளாஸ்டிக்கும் விறைத்துக்கொள்கிறது. யீஷூனில் பழகிய சாய்வை அங்கே கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும். முதல் நாள் முழுக்க அதற்கே போகும். அப்போதெல்லாம் ஸ்டார் டீபேர்டுக்கு வேலை வரும்.

எடை பற்றி ஒரு வார்த்தை. டிஸ்க்கின் விட்டத்தில் சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் வரைதான் இருக்கலாம் என்பது தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏவின் விதி. 21.2 சென்டிமீட்டர் டீபேர்டுக்கு அது 176 கிராம் ஆகிறது. பலர் அந்த உச்ச எடையையே தேடுகிறார்கள். காற்று இல்லாத மரச் சந்துக்கு, என் போன்ற நடுத்தரக் கைக்கு, 168 கிராம் பக்கம் இருப்பது சுலபமாக நிமிர்கிறது.

வாங்குவது பற்றி. நான் வெளிநாட்டிலிருந்துதான் தருவிக்கிறேன். ஒரே ஒரு டிஸ்க் என்றால் அஞ்சல் செலவு டிஸ்க் விலையை விழுங்கிவிடும், அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி வேறு. அதனால் நண்பர்கள் சேர்ந்து மொத்தமாகத் தருவிப்போம். அப்படி வரும்போது ஒரே டிஸ்க்கை இரண்டாக வாங்குங்கள். ஒன்று முதிரும்போது மற்றது புதிதாகவே இருக்கட்டும். நிறம் இளஞ்சிவப்பு. இங்கே லாலாங் புல்லுக்குள் பச்சையும் நீலமும் போனால் போனதுதான். பின்லாந்தில் இலையுதிர்காலத்தில் பிர்ச் இலை தரையெல்லாம் மஞ்சளாகக் கிடக்கும்போது மஞ்சளும் ஆரஞ்சும் கண்ணுக்குப் படாது. டிஸ்க்கின் பின்பக்கம் கைப்பேசி எண்ணையும் எழுதிவையுங்கள். பெருங்கால்வாயில் விழுந்த என் ரிவரை ஓர் ஆன்ட்டி எடுத்துவைத்து அழைத்துச் சொன்னார். சாப்பாட்டுத் தட்டு என்று நினைத்தாராம்.