ஓ.எல். முடிந்தது: ஏ.எல்.லா, என்.வி.கியூ.வா?

ஓ.எல். (சாதாரண தர) பெறுபேறு வந்ததும் கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் பேச்சு ஒன்றுதான்: ஏ.எல்.லில் (உயர்தரத்தில்) பயோவா, மெத்ஸா? என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) தரும் தொழிற்பயிற்சி என்று வாயெடுத்தால், அது பெயிலான பிள்ளைகளுக்கு என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

ஏ.எல்.லின் பெரிய பலம், தமிழிலேயே படித்து எழுதலாம். ஒரே அமர்வில் மூன்று பாடமும் சித்தி, பொதுப் பரீட்சையில் 30 புள்ளி என்றால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் தகுதி வேறு, இடம் வேறு. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, மீதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பின் வெட்டுப்புள்ளி உயரம். மன்னாரில் இருந்தால் கம்பஸ் போயிருக்கக்கூடிய இசட் புள்ளியோடு (அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) இங்கே பிள்ளை வீட்டில் இருக்கும். மூன்று தடவை எழுத இடமுண்டுதான். இரண்டாம் தடவையில் புள்ளி நன்றாக ஏறினால் சரி. ஏறாவிட்டால் மூன்றாம் தடவைக்கு டியூஷன் காசு கட்டுவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

என்.வி.கியூ.வில் 7 மட்டங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இரத்மலானை யுனிவொடெக் (தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம்) வரை பாதை போகிறது. பரீட்சையும் வேறு மாதிரி. வெல்டிங் படித்தவர் மதிப்பீட்டாளரின் கண்முன்னே இரண்டு தகடுகளை ஒட்ட வேண்டும். அவர் கசடைத் தட்டிவிட்டு, பற்றவைப்பில் துளையோ வெடிப்போ இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பாடமாக்கி ஒப்பிக்க அங்கே வழியில்லை. மொறட்டுவை ஜேர்மன் டெக் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் நுழையவே போட்டி. பெயிலானவர்களின் இடமா அது?

நம் பிள்ளைகளுக்கு உண்மையான தடை மொழி. கொழும்பில் நல்ல பயிற்சிகள் பெரும்பாலும் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில். கை திறமையாக இருந்தும், விரிவுரை விளங்காமல் இடையில் நின்றுவிடுகிறார்கள். இதைத் தட்டிக்கேட்க வேண்டிய நாம் பேசாமல் இருக்கிறோம்.

நடுவழியும் உண்டு: 2013இல் வந்த ஏ.எல். தொழில்நுட்பப் பிரிவு. பட்டப்படிப்புக்கும் போகலாம், டிப்ளோமாவுக்கும் திரும்பலாம். இயந்திரத்தில் ஆர்வமுள்ள, ஆனால் தூய கணிதத்தில் தடுமாறும் பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்; பாடசாலையில் அந்தப் பிரிவு தமிழில் இருந்தால்.

என்.வி.கியூ. என்றால் காசு கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள்: எந்த மட்டம், எந்த மொழி, மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு உண்டா?