பழைய வழக்கை எப்போது கேட்பது?

‘உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் உண்டா?’ வேலை விண்ணப்பத்தில் இந்த ஒரு வரியை முதலிலேயே கேட்கலாம், கடைசியில் கேட்கலாம், கேட்காமலே விடலாம்.

முதலிலேயே கேட்பது நம் அரசு வேலைகளில் பழகிய வழி. மறைத்தது தெரிந்தால் வேலை போகலாம். இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சில்லறை வழக்கை ஒருவர் மறைத்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று 2016-இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முடிந்துபோன வழக்கை உள்ளபடி எழுதியவரை எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. பிறகு யார்தான் உண்மையை எழுதுவார்கள்?

அமெரிக்காவில் ஹவாய் மாநிலம் 1998-லேயே கேள்வியைக் கடைசிக்குத் தள்ளியது: வேலை உங்களுக்குத்தான் என்று சொன்ன பிறகே கேட்கலாம். மனிதாபிமானமான ஏற்பாடுதான். ஆனால், 2015-இல் நியூயார்க் நகரிலும் நியூ ஜெர்சியிலும் இத்தகைய சட்டம் வந்தபோது, அமண்டா அகன், சோன்யா ஸ்டார் என்ற இரு ஆய்வாளர்கள் கற்பனைப் பெயர்களில் சுமார் 15,000 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். அதுவரை இந்தக் கேள்வியைக் கேட்டுவந்த நிறுவனங்களில், சட்டத்துக்கு முன், கறுப்பினப் பெயர்களைவிட வெள்ளையினப் பெயர்களுக்கு 7 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. சட்டத்துக்குப் பின் அது 43 சதவீதம். கேட்க முடியாத முதலாளி, பெயரைப் பார்த்து ஊகித்துக்கொண்டார். வழக்கே இல்லாத கறுப்பின இளைஞருக்கு இது கூடுதல் தண்டனை.

மூன்றாவது வழிக்கு, 1982-இல் தொடங்கிய, நியூயார்க் அருகே யாங்கர்ஸில் இருக்கும் கிரேஸ்டன் பேக்கரி சாட்சி. பட்டியலில் பெயர் எழுதினால் போதும். முறை வரும்போது வேலை. நேர்காணலும் இல்லை, பின்னணி விசாரணையும் இல்லை. பென் அண்ட் ஜெர்ரீஸ் ஐஸ்கிரீமில் சேரும் பிரவுனி அங்கிருந்துதான் போகிறது. எனக்குப் பிடித்த வழி இதுதான். ஆனாலும் பள்ளி வேன் ஓட்டுநரை இப்படி எடுக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஆகவே என் ஓட்டு இரண்டாவதற்கே, ஒரு நிபந்தனையோடு. பழைய வழக்கைக் காட்டி மறுப்பவர், அந்தக் குற்றத்துக்கும் இந்த வேலைக்கும் என்ன தொடர்பு என்பதை எழுதித் தர வேண்டும். நியூயார்க் நகரச் சட்டம் இதைக் கேட்கிறது. கையாடல் செய்தவரைக் கல்லாவில் உட்கார வைக்க மறுத்தால் காரணத்தை ஒரே வரியில் எழுதிவிடலாம். கல்லூரி நாளில் அடிதடியில் சிக்கியவருக்குக் கிடங்கில் மூட்டை அடுக்கும் வேலையை மறுப்பவர் அந்தத் தாளில் என்ன எழுதுவார்?