செட்டிநாட்டுச் செம்மண்ணில் பாட்டில் பிரஷ் மரம்: என் அனுபவம்

காரைக்குடிப் பக்கம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் 2017 ஐப்பசியில், முதல் மழை விழுந்த வாரம், பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரிச் சிவப்பாகப் பூக்கும் பாட்டில் பிரஷ் கன்றுகள் 2 வைத்தேன். இன்று நிற்பது ஒன்றுதான்.

"வறட்சி தாங்கும், தண்ணீரே வேண்டாம்" என்று கன்று விற்றவர் சொன்னதை நம்பி விட்டுவிட்டேன். அடுத்த சித்திரையில் ஒன்று குச்சியாகக் காய்ந்துவிட்டது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, கிளை தொங்கும் இந்த ரகத்துக்குப் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் பக்கத்து ஓடைக்கரைகள். வேர் ஆழமாக இறங்கும்வரை அதற்குத் தண்ணீர் வேண்டும். மிஞ்சிய கன்றுக்கு 2 கோடை முழுக்க வாரம் 2 தடவை, தடவைக்கு ஒரு குடம் ஊற்றினேன். பாத்தியில் தேங்காய் மட்டை பரப்பினேன். மூன்றாம் வருடத்திலிருந்து அக்னி நட்சத்திரத்தில்கூட ஊற்றுவதில்லை.

இடையில் ஒரு சிக்கல். கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. எங்கள் போர் தண்ணீர் உப்பும் காரமும் கூடியது; அந்தக் காரத்தன்மை மண்ணில் ஏறினால், அங்கே இருக்கும் இரும்புச் சத்தை வேரால் சரியாக எடுக்க முடியாது. முற்றத்துக் கிடாரத்தில் பிடித்த மழைத்தண்ணீருக்கு மாறி, இலை மக்கு உரமும் போட்டேன். அடுத்த கொழுந்து பச்சையாகவே வந்தது.

பூவைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சிவப்பு மயிர் மாதிரி நிற்பதெல்லாம் மகரந்தத் தாள்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பொட்டு மகரந்தம். இதழ் இருப்பதே தெரியாது. பூ உதிர்ந்ததும் அதே கிளை நுனி மேலே நீண்டு இலை விடும். பூத்த இடத்தில் குன்றிமணி அளவில் கெட்டிக் காய்கள் தண்டைச் சுற்றி ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கும். அதனால் பூ வாடியதும் அதற்குச் சற்றுக் கீழே வெட்டிவிடுகிறேன். பக்கக் கிளை வெடித்து, அடுத்த தடவை பூ கூடுதலாக வருகிறது. இலையே இல்லாத முற்றின கட்டையில் மட்டும் கத்தி வைக்காதீர்கள், துளிர்ப்பது சந்தேகம்.

நிழலுக்கென்றால் வேம்புதான் சரி. இது தேன்சிட்டுக்கான மரம். விடிந்ததும் ஜோடியாக வந்து கிளையில் தலைகீழாகத் தொங்கும். "இதைத் தொடுக்கவும் முடியாது, சாமிக்கும் ஆகாது" என்று சொன்ன எங்கள் அப்பத்தா, இப்போது காலைக் காப்பியைப் பின்கட்டில் உட்கார்ந்துதான் குடிக்கிறார்.

காய்ந்துபோன கன்றின் இடத்தில் இந்த ஐப்பசிக்கு இன்னொன்று வைக்கிறேன். குழி எடுத்தாகிவிட்டது.